செறிப்பும் சிறுவர் விளையாட்டும்
(மகாவீரர் ஜயந்தி விழாவில் நிகழ்த்திய உரை)

 

வினை உயிரை வந்தடையும் வழியை ஊற்று என்றும், அவ்வழியை அடைத்தலைச் செறிப்பு என்றும் நம் ஆகமங்கள் கூறும். மனம், மொழி, மெய் மூன்றையும் காக்கும் குப்தி செறிப்பிற்குத் துணையாவது. வந்த வினையை உதிர்ப்பதினும் வருமுன் வழியடைத்தல் நன்று. நம் பிள்ளைகள் கைபேசியில் ஆடும் இணைய விளையாட்டுக்கும் இது பொருந்தும்.

அங்கே முகமறியாதோர் பலர் கூடிக் குரலாலும் எழுத்தாலும் உரையாடுகின்றனர். ஃபோர்ட்நைட் விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனம், பெற்றோர் இசைவின்றிச் சிறுவர் விவரங்களைத் திரட்டியது என்ற வழக்கில் 27.5 கோடி டாலர் தண்டம் செலுத்த 2022 டிசம்பரில் உடன்பட்டது. அந்நியரோடு உரையாடும் வாயில் சிறார்க்குத் தொடக்கத்திலேயே திறந்திருந்தது என்பதும் அமெரிக்க வணிக ஆணையத்தின் குற்றச்சாட்டு. ஆகவே, வாயில் மூடியிருக்கிறதா என்று பார்ப்பது நம் கடமை.

நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதோர் அனைவரையும் சிறாராகக் கொள்கிறது. அவர்தம் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் இசைவை வேண்டுகிறது. ஆனால் பிள்ளை தன் வயதைக் கூட்டிப் பதிந்தால் அக்காவல் பயனற்றுப் போகும். சில இல்லங்களில் பெற்றோரே அப்பொய்யைப் பதிந்து தருகின்றனர். பொய்யாமை விரதம் இங்கே பிள்ளைக்கு வேலியாகிறது.

விளையாட்டில் சூட்டும் பெயர் புனைபெயராக இருக்கட்டும். நயினார் என்னும் பெயரோடு ஊர்ப்பெயரும் சேர்ந்தால், நம்மைப் போன்ற சிறு சமுதாயத்தில் எவ்வீட்டுப் பிள்ளை என்று கண்டறிதல் எளிது. பள்ளியின் பெயர், நிழற்படம், இருப்பிடம், கடவுச்சொல் ஆகியவற்றை எவர்க்கும் தரலாகாது. குரல் உரையாடலை அறிந்த நண்பர்க்கு மட்டும் திறந்து வையுங்கள். வங்கி அட்டையை விளையாட்டோடு இணைத்து வைக்காதீர்கள். மிகுபொருள் விரும்பாமையை அங்கும் பழக்குங்கள். கைபேசி கூடத்தில் இருக்கட்டும். ஆடும் நேரத்திற்கும் எல்லை வகுப்போம்.

அனைத்தினும் முதன்மையானது ஒன்றுண்டு. எவரேனும் படம் கேட்டார், மிரட்டினார் என்று பிள்ளை சொல்ல வந்தால் சினவாதீர்கள். கைபேசியைப் பறித்துவிடுவர் என்னும் அச்சமே பிள்ளையின் வாயை அடைக்கிறது; அம்மௌனமே தீயோர்க்குத் துணை. பொறுமையோடு கேளுங்கள், உரையாடலை அழிக்காமல் வைத்திருங்கள், 1098 என்னும் சிறார் உதவி எண்ணை அழையுங்கள். பொருள் இழப்பு நேர்ந்தால் 1930.

கொல்லாமை என்பது உயிரை வருத்தாமையும் ஆகும். நம் இல்லத்து இளம் உயிரைப் பிறர் வருத்தாமல் காப்பதும் அவ்வறத்தின் பாற்பட்டதே.

அறம் வளர்க! அருள் பெருகுக!