அறிந்தவருக்கு மட்டும் தண்டனையா?



அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒருவர் மீது 2008ஆம் ஆண்டு வழக்குப் போட்டார்கள். அவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருந்தது. கூட்டு மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு வந்தார். கிருமி பரிசோதனையில் தென்படாத அளவுக்குக் குறைந்திருந்தது. ஆணுறையும் பயன்படுத்தினார். அவரோடு உறவு கொண்டவருக்குத் தொற்று ஏற்படவே இல்லை. ஆனாலும், தொற்று இருப்பதைச் சொல்லவில்லை என்பதற்காக 25 ஆண்டுச் சிறை என்று தீர்ப்பாயிற்று. சிறைவாசம் பிறகு நிறுத்திவைக்கப்பட்டாலும், பாலியல் குற்றவாளிகள் பட்டியலில் அவர் பெயர் ஏறியது.

யாருக்குமே தொற்றாத நோய்க்கு 25 ஆண்டு! 1998இல் அந்த மாநிலம் இயற்றிய சட்டம் அப்படி. தொற்றியதா, தொற்ற வேண்டும் என்று நினைத்தாரா என்ற இரண்டு கேள்வியையும் அது கேட்கவில்லை.

மருத்துவமோ வெகுதூரம் போய்விட்டது. 2011இல் வெளியான ஓர் ஆய்வில் 9 நாடுகளைச் சேர்ந்த 1763 தம்பதியர் பங்கேற்றார்கள். நம் சென்னையும் புனேயும் அதில் உண்டு. சிகிச்சையை முன்கூட்டியே தொடங்கினால் துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைகிறது என்று அது காட்டியது. கிருமி தென்படாத நிலையிலேயே இருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்றாது என்பதைப் பிந்தைய ஆய்வுகள் உறுதி செய்தன.

2014இல் அயோவா சட்டத்தைத் திருத்தியது. அதே ஆண்டு மாநில உச்ச நீதிமன்றம் அந்த மனிதருக்கு விதித்த தண்டனையை ரத்து செய்தது. இல்லினாய் மாநிலம் 2021இலும் ஜிம்பாப்வே நாடு 2022இலும் இத்தகைய சட்டத்தை அடியோடு நீக்கின.

வேண்டுமென்றே பரப்புகிறவரைச் சும்மா விடலாமா என்று கேட்பீர்கள். கூடாது. அயோவாவின் புதிய சட்டமும் அப்படிப்பட்டவருக்குக் கடும் தண்டனையை வைத்தே இருக்கிறது. என் எதிர்ப்பு வேறு. பழைய சட்டம் தண்டித்தது, பரிசோதித்துத் தன் நிலையை அறிந்தவரை மட்டும்தான். பரிசோதிக்காதவருக்கு வழக்கே இல்லை. அப்படியானால் யார் பரிசோதனைக்கு வருவார்? பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறவரிடமிருந்துதான் கிருமி சத்தமில்லாமல் பரவுகிறது.

இந்தியாவில் எச்.ஐ.வி. பரவலுக்கென்று தனிக் குற்றச் சட்டம் கிடையாது. மாறாக, 2017ஆம் ஆண்டுச் சட்டம் தொற்றுள்ளவரை ஒதுக்குவதைத் தடை செய்கிறது. அவரைப் பற்றிய தகவலை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் பரிசோதனை இலவசம். மனத்தில் ஐயம் இருந்தால் தயங்காமல் போய்ப் பாருங்கள். பேசிவிட்டுப் போக நினைத்தால் 1097 என்ற எண்ணை அழையுங்கள்.