வழியா? வழித்துணையா?



ரயில் பயணத்திற்குச் சுவை தருவது வழிதான் என்று எதிரணி நண்பர் ஐரோப்பாவையே சுற்றிக் காட்டினார். சுவிட்சர்லாந்து மலையில ஏத்தி, ரைன் நதிக்கரையில இறக்கி, கடைசியா நம்ம செங்கோட்டைக்குக் கூட்டிட்டு வந்தார். 1904-ல் திறந்த மலைப்பாதை, குகை, பதிமூணு கண் பாலம். 2010-ல் மீட்டர் கேஜை நிறுத்தி, 2018-ல் அகலப் பாதையா முழுசாத் திறந்த கதை. நல்லாத்தான் இருந்தது.

ஆனா நான் ராயகிரிக்காரன். எங்க ஊருக்கு ரயில் கிடையாது. சென்னையிலிருந்து பொதிகையில வந்து, ராஜபாளையத்திலோ சங்கரன்கோவிலிலோ இறங்கி பஸ் பிடிக்கணும். பொதிகை ராத்திரி வண்டி. ஜன்னல்ல என்னங்க தெரியும்? நம்ம மூஞ்சிதான் தெரியும்! (சிரிப்பு) அதை எவ்வளவு நேரம் பார்க்கிறது?

ஐரோப்பாவிலே 1972-ல் இன்டர்ரெயில்னு இளைஞர்களுக்கு ஒரு பாஸ் கொடுத்தாங்க. ஒரே பாஸ்ல பல நாடு. அங்கே அன்னைக்கு இருந்த பெட்டிகள் எப்படி? ஆறு பேர், எட்டு பேர் முகத்துக்கு முகம் பார்த்து உட்காரும் அறைகள். மொழி தெரியாதவனும் ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்துத்தான் ஆகணும்.

நம்மகிட்ட அதைவிடப் பெரிய ஏற்பாடு இருக்கு. ஆர்.ஏ.சி! ஒரு படுக்கை, ரெண்டு பேர். சண்டை போடலாம், இல்லே சம்பந்தியாகலாம். (கைதட்டல்)

'தெரியாதவர் கொடுத்தா சாப்பிடாதீங்கன்னு ரயில்வேயே சொல்லுதே'ன்னார் நண்பர். நியாயம். பேசாதீங்கன்னு யாரும் சொல்லலையே!

2007-ல் எங்க அப்பா காலமான சேதி சென்னையில எனக்கு வந்தது. கிடைச்சது ஆர்.ஏ.சி. எதிரே புளியங்குடி எலுமிச்சை வியாபாரி ஒருத்தர். 'என்ன தம்பி?'ன்னார். சொன்னேன். அவ்வளவுதான், மனுஷன் எழுந்து நின்னுட்டார். 'நீ படு, நான் கதவோரம் இருக்கேன்'ங்கிறார். நான் படுக்கலை. விழுப்புரத்தில இறங்கி இட்லி வாங்கிட்டு வந்தார். ஒரே பொட்டலத்தைப் பிரிச்சு, முதல் வாய் அவர் சாப்பிட்டார். நான் பயப்படக் கூடாதாம்! அப்புறம் 'அப்பாவுக்கு என்ன வேலை? கோபக்காரரா?'ன்னு ஒவ்வொண்ணாக் கேட்டார். மதுரை வர்ற வரைக்கும் நான் எங்க அப்பாவைப் பத்தியே பேசிக்கிட்டிருந்தேன். வீட்டுக்குப் போனா அழத்தான் முடியும், பேச முடியுமா?

அவர் டிக்கெட் சங்கரன்கோவிலுக்கு. என்கூடவே ராஜபாளையத்தில இறங்கிட்டார். துட்டி வீட்டுக்கே வந்தார். மாலை வாங்கிப் போட்டு, ஓரமா நின்னு, சொல்லாமக்கூட போயிட்டார். எங்க அம்மா பிறகு கேட்டாங்க, 'அது யாருப்பா, எந்த வழிச் சொந்தம்?' நான் சொன்னேன், 'ரயில் வழிச் சொந்தம்மா.' (பலத்த கைதட்டல்)

இப்போ எல்லார் கையிலும் செல்போன், காதிலே ஒயர். எதிரே இருக்கிறவர் எந்த ஊருன்னு தெரியாமலே தென்காசி வந்துடுது. எதிரணிக்குச் சாதகமான காலம்தான், ஒத்துக்கிறேன்.

அடுத்துப் பேச வரும் எதிரணித் தலைவரை ஒண்ணே ஒண்ணு கேட்டு முடிக்கிறேன். ஐயா, பதிமூணு கண் பாலத்தைப் பார்த்தவுடனே, 'அங்கே பாருங்க, அங்கே பாருங்க'ன்னு நீங்க யாருகிட்டே சொன்னீங்க?