கல்லில் இடும் துளை

புதிய வீடொன்றின் குளியலறைச் சுவருக்குக் கற்பலகை பதிக்கத் தொடங்கும்போது, அச்சுவரிலே தண்ணீர்க் குழாய்களின் வாய்கள் முன்னமே நீட்டிக்கொண்டு நிற்கும். கடை கடையாகத் தேடி விலை பேசி வாங்கிய வீட்டுக்காரருக்குக் கல்லின் நிறமும் மினுக்கமுமே பெரிதாகத் தோன்றும். மேசனுக்கோ அந்தக் குழாய் வாய்களே பெரிது. முழுப் பலகையைப் பதிப்பதற்குக் கைப்பழக்கம் போதும். அதைத் துளைத்துக் குழாயை வெளியே எடுப்பதற்குக் கல்லின் குணம் தெரிந்திருக்க வேண்டும்.

அக்குணம் விந்தையானது. மேலே ஏற்றும் பாரத்தைக் கல் நன்றாகத் தாங்கும்; இழுவையை அவ்வாறு தாங்காது. பலகையில் ஒரு துளை திறந்துவிட்டால், அதுவரை கல் முழுதும் பரவியிருந்த விசை துளையின் ஓரத்தைச் சுற்றிச் செல்ல நேரிடுகிறது. அகன்ற தகடொன்றை ஒரு திசையில் இழுக்கும்போது வட்டத் துளையின் ஓரத்திலே விசையின் செறிவு மூன்று மடங்காகும் என்று ஜெர்மானியப் பொறியியலாளர் கிர்ஷ் 1898 ஆம் ஆண்டிற் கணித்துக் காட்டினார். மூலை கூர்மையாகுந்தோறும் அச்செறிவு மேலும் பெருகும் என்பதை ஆங்கிலேயப் பொறியியலறிஞர் இங்லிஸ் 1913 ஆம் ஆண்டில் விளக்கினார். சதுரமாக வெட்டிய வாயின் மூலையிலிருந்து மயிரிழை போன்ற வெடிப்புப் புறப்படுவது இதனாலேதான்.

இக்கணக்கைப் படியாத மேசன்மாரும், கைதேர்ந்தவர்களாயின், நாற்கோண வாய் திறக்குமுன் நான்கு மூலைகளிலும் சிறு வட்டத் துளைகளை இட்டுக்கொள்கிறார்கள். பின்பே அவற்றை இணைத்து நேராக வெட்டுகிறார்கள். வெட்டும் தட்டு வட்டமானது. மூலையின் அடிவரை எட்டவேண்டுமானால் மேற்பரப்பிலே எல்லைக்கு அப்பாலும் ஓடிவிடும். அந்த மீறிய கீறலே பின்னர் வெடிப்பாக நீளும். மூலையில் துளை இருந்தால் வெட்டு அதனுள் வந்து அடங்கும்.

தனிக் குழாய்க்கு வட்டத் துளையே போதும். அரை அங்குலக் குழாயின் வெளிவிட்டம் ஏறக்குறைய 21 மில்லிமீற்றர். துளையைக் குழாயோடு இறுக்கமாக அமைப்பது நேர்த்தி என்று சிலர் எண்ணுகின்றனர். அது நேர்த்தியன்று, வினையை விலைக்கு வாங்குவதாகும். சுற்றிலும் சில மில்லிமீற்றர் இடைவெளி விட்டு, அதனைச் சிலிக்கோன் பசையால் அடைத்தால், குழாய் சற்று அசைந்தாலும் கல்லை நெருக்காது. இடைவெளியைப் பைப்பின் அடியில் வரும் உலோக வளையம் மறைத்துவிடும்.

அளவு எடுக்கும்போது, ஏற்கெனவே பதித்த பலகையின் ஓரத்திலிருந்து குழாயின் நடுவரை அளந்து, இரு பலகைகளுக்கிடையே விடும் இடைவெளியைக் கழிக்க வேண்டும். பலகையின் பின்புறத்திற் குறியிடுபவர், இடம் வலமாகும் என்பதை மறந்தால், துளை அழகாகவே விழும். ஆனால் குழாய் இல்லாத பக்கத்தில் விழும்!

கருங்கல்லைத் துளைக்க வைரத் துகள் பதித்த வளைய அலகு வேண்டும். அது மரத்துக்கான அலகைப் போல் செதுக்குவதில்லை. தேய்த்தே வழி செய்கிறது. ஆகவே சுத்தியல்போல் அடிக்கும் விசையை நிறுத்திவிட்டு, அலகைச் சற்றுச் சரித்துத் தொடங்கி, மெல்ல நிமிர்த்தி, தண்ணீர் விட்டுக்கொண்டே துளைக்க வேண்டும். கல்லின் கீழே பலகைக் கட்டையொன்றை வைத்து, முடியும் தறுவாயில் அழுத்தத்தைக் குறைத்தால் மறுபுற ஓரம் சிதறாது.

தண்ணீர் அலகின் சூட்டைத் தணிப்பதற்கு மட்டும் உரியதன்று. கருங்கல்லிலே படிகச் சிலிக்கா மிகுதியாக உண்டு. கற்பொடியைப் பிசினோடு அழுத்திச் செய்யும் செயற்கைக் கற்பலகைகள் சிலவற்றில் அது 90 சதவீதத்துக்கும் மேல். உலர வெட்டும்போது எழும் கண்ணுக்குப் புலப்படாத தூசி நுரையீரலின் ஆழத்திற் படிந்து, சிலிக்கோசிஸ் என்னும் நோயை விளைவிக்கிறது. அதற்குப் பூரண சிகிச்சை இல்லை. கல் வெட்டும் இளந்தொழிலாளர் பலர் இந்நோய்க்கு ஆளானமையால் அவுஸ்திரேலியா 2024 ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதலாந் திகதி தொடக்கம் அத்தகைய செயற்கைக் கல்லைத் தடைசெய்தது. மூக்கிலே கட்டும் கைலேஞ்சி இத்தூசியைத் தடுக்காது. அதற்கென அமைந்த, முகத்தோடு பொருந்தும் சுவாசக் கவசமே வேண்டும். ஒரு துளைக்குத் தண்ணீரும் கவசமும் எதற்கு என்று அவசரப்படுத்தும் வீட்டுக்காரர், அந்த மேசன் அன்றைக்கு இடுவது ஒரு துளையன்று, நாளைக்கும் இன்னொரு வீட்டிலே துளையிடுவார் என்பதை எண்ணிப்பார்ப்பதில்லை.

மின்சாரப் பொறியும் தண்ணீரும் சேருமிடத்தில் றிப் சுவிச் ஒழுங்காக வேலை செய்கின்றதா என்று முதலிற் பார்த்துக்கொள்வது அவசியம். வெட்டும் வேலையை மூடிய குளியலறைக்குள் அன்றி, வெளிமுற்றத்திற் செய்வதே நன்று. வேலை முடிந்தபின் தரையிற் கிடக்கும் கற்சேற்றை ஈரமாக இருக்கும்போதே வழித்தெடுத்துவிட வேண்டும். உலரவிட்டு விளக்குமாற்றாற் கூட்டினால், தண்ணீர் அடக்கி வைத்த அதே தூசி மறுபடியும் எழும்பிவிடும்.