வரம் கொடுத்த சர்க்காரும் மறுக்கும் ஆகமமும்
(திருச்சியில் பேசியதன் சுருக்கம்)



சர்க்கார் ஒரு உத்தியோகத்துக்கு ஆள் எடுப்பதானால் படிப்பைப் பார்க்கிறார்கள். பரீட்சையில் தேறினானா என்று பார்க்கிறார்கள். அர்ச்சகர் உத்தியோகத்துக்கு மாத்திரம் எந்த வயிற்றில் பிறந்தான் என்று பார்க்கவேண்டுமாம். இது என்ன நியாயம் என்று கேட்கிறேன்.

1970-ல் அர்ச்சகர் வேலைக்குப் பரம்பரைப் பாத்தியதை இல்லை என்று சட்டம் செய்தார்கள். 1972-ல் சுப்ரீம் கோர்ட்டு, சட்டம் செல்லும், அர்ச்சகரை நியமிப்பது மதக் காரியமல்ல என்று சொல்லிற்று. ஆனால் ஆகமத்தை மீறக்கூடாது என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பது இதுதான்!

2006-ல் தகுதியும் பயிற்சியும் உள்ள இந்து எவரும் அர்ச்சகராகலாம் என்று உத்தரவு வந்தது. பயிற்சிப் பள்ளிகள் வைத்தார்கள். அதில் ஒன்று நம் ஸ்ரீரங்கத்திலேயே. இருநூறு பேருக்குமேல் படித்துத் தேறினார்கள். உடனே வழக்கு. 2015-ல் வந்த தீர்ப்பு, ஒவ்வொரு கோயிலின் ஆகமத்தையும் தனித்தனியே பார்க்கவேண்டும் என்றது. 2018-ல் மதுரையில் ஒருவருக்கு வேலை கிடைத்தது. 2021 ஆகஸ்டில்தான் 24 பேருக்கு உத்தரவு கொடுத்தார்கள். பரீட்சை தேறி 13 வருஷம் காத்திருக்கும் உத்தியோகம் வேறு உண்டா?

அதோடு தீர்ந்ததா? இங்கே பக்கத்தில் குமாரவயலூர் முருகன் கோயிலில் அந்த வருஷம் நியமிக்கப்பட்ட இருவரின் நியமனம் செல்லாது என்று 2023-ல் ஹைக்கோர்ட்டு மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. அதே வருஷம் ஜூனில், சேலம் கோயில் வழக்கில், அதே ஹைக்கோர்ட்டின் இன்னொரு நீதிபதி, ஆகமம் தெரிந்தவராயிருந்தால் போதும், ஜாதிக்கு வேலையில்லை என்றார். ஒரு கோர்ட்டு, இரண்டு நியாயம்! செப்டம்பரில் மூன்று பெண்கள் ஸ்ரீரங்கத்தில் இதே பயிற்சியை முடித்தார்கள். அவர்களுக்கு எந்த ஆகமம் குறுக்கே நிற்கப்போகிறதோ?

"கடவுள் இல்லை என்கிற உங்களுக்குக் கருவறையில் என்ன வேலை?" என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கு அங்கே ஒரு வேலையுமில்லை. ஆனால் நீ தொட்டால் சிலை தீட்டாகும் என்று ஒருவன் சொல்ல, அதை ஒரு கோர்ட்டும் ஒப்புக்கொண்டால், அந்த இழிவு கோயிலுக்குப் போகிறவனை மாத்திரமா சேரும்? போகாத என்னையும் உங்களையுந்தானே சேரும்? கோயில் வருமானம் எல்லோருடைய காசு. மணி அடிக்கும் கை மாத்திரம் ஒரு ஜாதியின் கையா?

ஆகையால் தோழர்களே, சர்க்கார் அறிவிப்பைக் கேட்டுக் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். தேறியவர் எத்தனை பேர், வேலை பெற்றவர் எத்தனை பேர், பெரிய கோயில்களின் கருவறைக்குள் போனவர் எத்தனை பேர் என்று கணக்குக் கேளுங்கள். கணக்குக் கேட்காதவனுக்குக் காகிதந்தான் கிடைக்கும், உரிமை கிடைக்காது.