ஞானஸ்நானமும் விருந்தாளிகளும்



இன்று நாம் இதைப் பேச வந்ததற்குக் காரணம் நமது தோழர் ஒருவர் கேட்ட கேள்விதான். அவரோடு ஆலையில் வேலை பார்க்கும் கிறிஸ்தவ நண்பர், தம் குழந்தைக்கு ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம், குடும்பத்தோடு வரவேண்டும் என்று வீடு தேடி வந்து அழைத்தாராம். "பகுத்தறிவு பேசுகிற நாம் போகலாமா?" என்று தோழர் கேட்டார். கூடாது என்று நாம் சொல்லுவோம் என்பதாக எதிர்பார்த்தார் போலும். நாம் அப்படிச் சொல்லவில்லை.

முதலில் அங்கே நடப்பது என்னவென்று பாருங்கள். கத்தோலிக்கர் கோயிலில் பிள்ளைக்கு ஞானத்தகப்பன், ஞானத்தாய் என்று இருவர் நிற்பார்கள். பழைய முறையில் பாதிரியார் பிள்ளையைப் பார்த்தே, "பசாசை விட்டுவிடுகிறாயா? விசுவசிக்கிறாயா?" என்று கேட்பார். பால் குடிக்கிற பிள்ளை என்ன சொல்லும்? அது அழும். அதன் வாயாக ஞானத்தகப்பன் "விட்டுவிடுகிறேன்" என்பார். 1969-ல் ரோமாபுரியார் இச்சடங்கைத் திருத்தி, கேள்வியைப் பெற்றோரையும் ஞானப் பெற்றோரையும் பார்த்துக் கேட்பதாக மாற்றிக் கொண்டார்கள். கேட்கத்தகாத இடத்தில் கேட்டு வந்தோம் என்பது அவர்களுக்கே தோன்றிவிட்டதோ என்னவோ! ஆனால் கேள்விக்குத்தான் ஆள் மாறிற்றே ஒழிய, தண்ணீருக்கு ஆள் மாறவில்லை. அது இன்றும் பிள்ளையின் தலையில்தான் விழுகிறது.

இதை நாம்தான் குதர்க்கமாய்ச் சொல்லுகிறோம் என்று நினைத்துவிடாதீர்கள். வயது வந்து, தானே அறிந்து கேட்பவனுக்குத்தான் ஞானஸ்நானம் என்று சொல்லுகிற கிறிஸ்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அப்படிச் சொன்னதற்காக 1527-ல் சுவிட்சர்லாந்தில் சூரிச் நகரத்து அதிகாரிகள் பெலிக்ஸ் மான்ஸ் என்பவரை ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். கொன்றவர்களும் வேதக்காரர்களே.

பிள்ளை வளரும்வரை பொறுத்தால் என்ன? பொறுக்கவிடாதது பயம்தான். ஜென்மப் பாவம் தீராமல் இறந்த பிள்ளைக்கு மோட்சமில்லை, லிம்போ என்ற இடத்தில் கிடக்கும் என்று பல நூறு வருஷங்கள் சொல்லி வந்தார்கள். 2007-ல் ரோமாபுரியின் வேதசாஸ்திரக் கமிஷன், அப்பிள்ளைகளும் மோட்சம் சேரும் என்று நம்ப இடமுண்டு என்பதாக வெளியிட்டது. நல்லதுதான். அதுவரை செத்த பிள்ளையை நினைத்து அழுத தாய்மாருக்கு யார் பதில் சொல்லுவது?

நிற்க, அந்தத் தண்ணீரின் அதிகாரம் எவ்வளவு என்பதற்கு ஒன்று சொல்லுகிறோம். இத்தாலியில் பொலோஞா நகரம் போப்பின் ராஜ்யமாக இருந்த காலம். மோர்த்தாரா என்ற யூதர் வீட்டில் கைக்குழந்தை நோயாய்க் கிடந்தபோது, செத்துவிடுமென்று பயந்து வேலைக்காரப் பெண் யாருமறியாமல் அதன் தலையில் தண்ணீர் தெளித்துவிட்டாள். அதற்கு அழைப்பில்லை, விருந்தில்லை, பாதிரியார்கூட இல்லை. குழந்தை பிழைத்தது. 1858-ல் அதற்கு ஆறு வயது நடக்கும்போது போப்பின் போலீசார் வந்து, ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை யூதர் வீட்டில் வளரக் கூடாது என்று பெற்றோர் கையிலிருந்து கொண்டுபோய் விட்டார்கள். தகப்பனார் முறையிட்டார். ஐரோப்பாவெங்கும் கூச்சல் எழுந்தது. ஒன்பதாம் பயஸ் என்ற போப் கொடுக்கவில்லை. அந்தப் பிள்ளை பாதிரியாராகவே வளர்ந்து 1940-ல் இறந்தார். நம்மூர் நண்பர் வீட்டில் போலீசார் வரமாட்டார்கள் என்பது நமக்கும் தெரியும். ஆனால் பிள்ளையைக் கேளாமல் பிள்ளையின் பேரில் எழுதிக்கொள்ளும் பத்திரம் அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான்.

நம் வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? நமக்கு மொட்டையடித்துக் காது குத்தியபோது நம்மை யார் கேட்டார்கள்? வலித்தது, கத்தினோம், வாயில் வெல்லத்தை வைத்தார்கள்.

எல்லாரையும் ஒரே குடும்பமாக்குகிற தண்ணீர் என்கிறார்களே, அதையும் பார்ப்போம். திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்துக் கோயிலில் அதே தண்ணீர் பெற்றவர்களை ஜாதிவாரியாகப் பிரித்து நிறுத்தச் சுவர் இருந்தது, 1910-ல்தான் இடித்தார்கள். ஆகையால் விருந்துக்குப் போகிறவர்கள் பந்தியில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யாரைக் காணோம் என்று ஒரு தரம் பார்த்துவிட்டு இலையில் உட்காருங்கள்.

தோழருக்கு நாம் சொன்ன பதில் இதுதான்: போய் வாரும். நண்பர் தமக்குக் குழந்தை பிறந்த சந்தோஷத்திற்காக அழைத்திருக்கிறார். போகாமலிருப்பது அவரை அவமதிப்பதாகும். கோயிலுக்குள் போவதும் வெளியே நிற்பதும் உமது இஷ்டம். ஞானத்தகப்பனாக நிற்கச் சொன்னால் மட்டும், "இது பிள்ளை சொல்லவேண்டிய பதில், நான் சொல்ல மாட்டேன்" என்று மரியாதையாய்ச் சொல்லிவிடும். நண்பர் தனியே பேசக் கிடைத்தால், பதினெட்டு வயதில் அந்தப் பிள்ளையை ஒரு வார்த்தை கேட்பாரா என்று கேட்டுப் பாரும். சாப்பாடு நன்றாக இருந்தால் நன்றாகச் சாப்பிடும். மொய் எழுதுகிறவர் "ஞானஸ்நானத்திற்கு" என்று எழுதினால், "குழந்தை பிறந்ததற்கு" என்று திருத்தி எழுதச் சொல்லும்.