பாலருக்கு எழுத்தறிவித்தல்
(கடமலைக்குண்டு கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் முன் நிகழ்த்திய பிரசங்கம்)



பாஸ் புத்தகத்தில் பதிந்த தொகை சரிதானா என்றறியப் பிறர் கண்ணை நம்பியிருப்போர் நம்மிடையே இன்னும் உளர். அக்குறை நம் மக்களைத் தொடராதிருக்க, மூன்று வயதுப் பிள்ளைக்கு வீட்டிலேயே செய்யத்தக்கதொன்றைக் கூறுகிறேன்.

எழுத்து 247 என்று மலைக்க வேண்டாம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. இவற்றுடன் குறிகளும் பழகின் 216 உயிர்மெய்யும் பெரும்பாலும் விளங்கும். உகர ஊகார வரிசைகள் மட்டும் சற்றுத் தொல்லை தரும்.

முதலில் வளைவு மிகுந்த ‘அ’ வேண்டாம். நேர்கோடுகளாலான ட, ப இரண்டையும் காட்டுங்கள். எழுதுகோலைத் திணியாதீர்கள்; பிஞ்சு விரல் அதற்கு உறுதிப்படவில்லை. திண்ணைப் பள்ளிகளில் மணலில்தான் விரலால் எழுதினர். மூல வைகை மணல் ஒரு தட்டளவு போதும்.

ஒன்று முக்கியம். பானா, டானா என்று பெயரை மட்டும் உருப்போடுவித்தால், அவ்விரண்டும் கூடி ‘பட’ ஆகுமென்று குழந்தை எங்ஙனம் அறியும்? ஓசையையே சொல்லுங்கள். பின்பு ‘ம்’ சேர்த்துப் ‘படம்’. நடுவே ஒரு புள்ளியெழுத்து நுழைந்தால் ‘பட்டம்’. அடித்துச் சொல்லிக்கொடுப்பது வீண்.

பாஸ் புத்தகத்து மேலட்டையில் உங்கள் பெயரில் இவ்வெழுத்துக்கள் வருமாயின், இன்றிரவே குழந்தையின் விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.