போர்வையைத் தூக்கிப் பாத்தாங்களா?

சிமுலேஷன் லேப்னு சொன்னாலே பொம்மை எத்தனை லட்சம்னு கேக்கறாங்க. அது ரெண்டாவது கேள்விங்க. முதல்ல கேக்க வேண்டியது, மாணவர்கிட்ட எதைச் சொல்லாம விடப்போறோம் என்பது.

பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கை எடுத்துக்குவோம். நார்மல் டெலிவரியில 500 மில்லிக்கு மேல போனா அப்படிச் சொல்றோம். இந்தப் பயிற்சிக்கு லார்டால் குளோபல் ஹெல்த் செஞ்ச 'மாமாநாட்டலி' இருக்கு. ஒருத்தர் அதை வயித்துல கட்டிக்கிட்டுத் தாயா நடிப்பாங்க. சிவப்புத் தண்ணி எவ்வளவு வரணும், கர்ப்பப்பை இறுகியிருக்கணுமா தளர்ந்திருக்கணுமானு அவங்களே மாத்தலாம்.

"நோயாளிக்கு ரத்தப்போக்கு, என்ன செய்வீங்க?"னு ஆரம்பிச்சா அது வெறும் வைவா. ஆக்ஸிடோசின், கர்ப்பப்பை மசாஜ், 3 மணி நேரத்துக்குள்ள டிரானெக்ஸாமிக் ஆசிட்னு ஒப்பிச்சுட்டுப் போயிடுவாங்க. வார்டுல நோய் தன் பேரைச் சொல்லிக்கிட்டு வராது.

இப்படி எழுதிப் பாருங்க. குழந்தை பிறந்து 20 நிமிஷம். தாய், "சிஸ்டர், மயக்கமா வருது"ங்கறாங்க. நாடித்துடிப்பு 116. பிபி 110/70. ரத்தம் போர்வைக்கு அடியில. இளவயசு உடம்பு பிபியைக் கொஞ்ச நேரம் தாங்கிப் பிடிக்கும். அந்த நம்பரை நம்பித் திரும்பிட்டா, போர்வையைத் தூக்க மாட்டாங்க. தூக்கினவங்ககிட்ட எவ்வளவு ரத்தம்னு கேளுங்க. நீங்க அளந்துதானே ஊத்தியிருக்கீங்க! நிறையப் போயிருந்தா, கண்ணால பாத்துச் சொல்றவங்க பெரும்பாலும் குறைச்சுத்தான் சொல்வாங்க.

யாருமே தூக்கலைன்னா? அதையும் முன்னாடியே எழுதி வெச்சிருக்கணும். 3 நிமிஷம் கழிச்சுக் கூட இருக்கற அம்மா, "கீழ எல்லாம் நனைஞ்சிருக்கேம்மா"னு சொல்லட்டும். இதுக்கு மேல வலிப்பு, ஆஸ்துமானு சேக்க சிலருக்கு ஆசை வரும். டிவி சீரியலா எழுதறோம்?

தாய் இறந்துபோற மாதிரி எழுதலாமானு கேட்டிருந்தீங்க. ரெண்டாம் வருஷ மாணவர்களுக்கு நான் எழுத மாட்டேன். அதுக்கப்புறம் அந்த அறையில யாருக்கும் காது கேக்காது. கத்துக்கறதே அதுக்கப்புறம் நடக்கற பேச்சுலதான். 10 நிமிஷம் நடிச்சா 20 நிமிஷமாவது உக்காந்து பேசணும். "ஏன் பாக்கல?"னு ஆரம்பிக்காதீங்க, உடனே வாயை மூடிக்குவாங்க. "அந்த பிபியைப் பாத்தப்ப என்ன நினைச்சீங்க?"னு கேளுங்க. அதுக்கும் முன்னாடி, தாயா நடிச்சவங்களைப் பேசவிடுங்க. தன்கிட்ட யார் பேசினாங்க, யார் மானிட்டரை மட்டுமே பாத்தாங்கனு அவங்களுக்குத் தெரியும்.